பெயரில்லாக் கொல்லன் வடித்த கத்தி

ஒரு கருவியின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதைச் செய்தவர் யார் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குவது வழக்கம். கத்தியைப் பொறுத்தவரை அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுக் கிடக்கிறது. போர்வாள்களுக்குப் பெயருண்டு, அரசர்தம் உடைவாள்களுக்குப் பரம்பரைக் கதைகளுண்டு. விறகு சீவவும், கயிறு அறுக்கவும், மீன் அரியவும் பயன்பட்ட சிறுகத்திக்கு அத்தகைய பேறு வாய்த்ததில்லை. அதைச் செய்தவன் பெயரும் இல்லை. இடுப்பில் செருகியிருந்தவன் பெயரும் இல்லை.

ஆயினும் இன்று, புஷ்கிராஃப்ட் என்று மேலைநாடுகளில் வழங்கும் காட்டுவாழ்வுக் கலையில் ஈடுபாடு கொண்டோரிடையே இச்சிறுகத்தி தீராத விவாதப் பொருளாக இருக்கிறது. எந்த எஃகு, எத்தனை அங்குலம், எவ்வளவு தடிமன், யார் செய்தது, என்ன விலை என்று கேள்விகள் நீள்கின்றன. ஏறத்தாழ 20 டாலருக்கும் ஒரு கத்தி கிடைக்கிறது. அதைப்போல் பல மடங்கு விலை கொடுத்து, முறை வரும்வரை காத்திருந்து வாங்கும் கத்தியும் இருக்கிறது. இவற்றுள் எது நல்ல கத்தி? இக்கேள்விக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது என்பது நம் கருத்து. விலை வேறு, மதிப்பு வேறு என்று நம் மொழி இரு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. காட்டுக்கத்தியின் கதையில் அவ்விரண்டும் எங்கே பிரிந்தன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனியில் உறைந்த சான்று

1991 செப்டம்பர் 19 அன்று, இத்தாலி–ஆஸ்திரிய எல்லையில் ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாளம் ஒன்றில், மலையேறிகள் இருவர் ஒரு மனித உடலைக் கண்டனர். அவ்வுடல் ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. ‘ஓட்சி’ என்று உலகம் இன்று அழைக்கும் அம்மனிதனிடம் செப்புக் கோடரி ஒன்று இருந்தது. உலகின் கவனம் முழுவதும் அதன்மேல் சென்றது இயல்பே. நம் கவனத்துக்குரியது அவன் வைத்திருந்த கத்தி. தீக்கல்லால் ஆன சிறிய முக்கோண அலகு, ஆஷ் மரத்துப் பிடி, லிண்டன் மரத்தின் உள்பட்டை நாரைப் பின்னிச் செய்த உறை. பிடியும் அலகுமாக மொத்த நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். முனை ஒடிந்திருந்தது.

அக்கத்தியோடு இன்னொரு பொருளும் கிடைத்தது. ஒரு மரத்துண்டின் நடுவே மான்கொம்பின் கூரைச் செருகியிருந்தார்கள். பார்வைக்குத் தடித்த பென்சிலைப் போலிருக்கும் அது, கல்லலகின் விளிம்பை அழுத்திச் சிறுசில்லுகளாகப் பெயர்த்துக் கூரைப் புதுப்பிக்கும் கருவி. உலோகக் கத்திக்குச் சாணைக்கல் எப்படியோ, கல்கத்திக்கு அப்படி அது. 2018இல் வெளியான ஆய்வொன்று, அவனுடைய கற்கருவிகள் மீண்டும் மீண்டும் கூர் புதுப்பிக்கப்பட்டு, பயன்பாட்டின் கடைசிக் கட்டத்தை நெருங்கியிருந்தன என்று காட்டியது. புதிய கல் அவனுக்குச் சில காலமாகக் கிடைத்திருக்கவில்லை. கையில் இருந்ததைத் தேய்த்துத் தேய்த்து நாளைக் கடத்தியிருக்கிறான்.

இதிலிருந்து நாம் பெறும் செய்தி சிறிது, ஆனால் அடிப்படையானது. கத்தியும் கூராக்கியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாத இணை. கூர் மழுங்காத கத்தி என்று உலகில் ஒன்றில்லை. ஆகவே காட்டில் ஒரு கத்தியின் தகுதி, அது முதல்நாள் எவ்வளவு கூராக இருந்தது என்பதால் அமைவதில்லை. வைத்திருப்பவன் தன் கையால் அதை எவ்வளவு எளிதாக மீண்டும் கூராக்க முடியும் என்பதாலேயே அமைகிறது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லாயிரம் ஆண்டுகளைத் தாண்டிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவுக்கு வருவோம். காட்டுக்கத்தியைப் பற்றி எழுத்தில் ஆராய்ந்து வாதிடும் வழக்கத்துக்கு வலுவான தொடக்கம் அங்கேதான் அமைந்தது.

செருப்புத் தைத்த கவிஞர்

1827இல் மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டு ஒன்றில் நடந்த கைகலப்பில், ஜேம்ஸ் போவி என்பவர் பெரிய கத்தி ஒன்றால் எதிரியைக் கொன்றார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எழுதின. ‘போவி கத்தி’ அமெரிக்காவெங்கும் மோகப் பொருளாயிற்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரப் பட்டறைகள் அமெரிக்கச் சந்தைக்கென்றே அவற்றைச் செய்து கப்பலேற்றின. விளைவாக, வேட்டைக்கும் காட்டுக்கும் என்று கடைகளில் விற்கப்பட்ட கத்திகளும் சண்டைக் கத்தியின் சாயலைப் பெற்றன. கனத்த முதுகு, குத்தீட்டி போன்ற முனை, கைக்குக் குறுக்கே காப்புத் தகடு. மனிதனைக் குத்துவதற்கு உகந்த வடிவம், இறைச்சி நறுக்குவதற்கும் குச்சி சீவுவதற்கும் விற்கப்பட்டது.

இதை எள்ளி நகையாடியவர் ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் (1821–1890). மாசசூசெட்ஸில் பிறந்து பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ ஊரில் வாழ்ந்தவர். செருப்புத் தைப்பது தொழில். கவிதை எழுதுவது விருப்பம். இளமையில் தமக்குக் காட்டைக் கற்றுத்தந்த பழங்குடி மனிதர் ஒருவரின் பெயரையே புனைபெயராகக் கொண்டு, ‘நெஸ்மக்’ என்று எழுதினார். மெலிந்த உடல்; காசநோய் வேறு. சுமை தூக்க இயலாத அவருக்காக ரஷ்டன் என்ற படகுக் கலைஞர் 1883இல் செய்துகொடுத்த ‘சேரி கேம்ப்’ என்னும் கனூ படகின் எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு. அடிரோண்டாக் மலைநாட்டின் ஏரிகளில் அப்படகில் தனியாகச் சுற்றியவர் அவர்.

1884இல் வெளிவந்த அவருடைய ‘உட்கிராஃப்ட்’ நூல், காட்டுக்குப் போகிறவனுக்கு மூன்று வெட்டுக்கருவிகள் போதும் என்றது: இருபுறமும் வாயுள்ள சிறிய கைக்கோடரி, மடக்குக் கத்தி, உறையிலிடும் மெல்லிய கத்தி. கடையில் கிடைக்கும் வேட்டைக்கத்திகளைத் தடித்தவை, அலங்கோலமானவை என்று ஒதுக்கிய அவர், தம் கத்தியின் அலகு மெல்லியது என்பதையே அதன் சிறப்பாகச் சொன்னார். தோலுரிக்கவும் இறைச்சி அரியவும் ரொட்டி நறுக்கவும் மெல்லிய அலகே ஏற்றது. பிளப்பதற்குக் கோடரி இருக்கும்போது கத்தி ஏன் தடிக்க வேண்டும் என்பது அவர் நியாயம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, அவர் கத்தியைத் தனியாக எடைபோடவில்லை என்பதே. மூன்று கருவிகளுக்கிடையே வேலையைப் பங்கிட்டார். பங்கீட்டுக்குப் பிறகு கத்திக்கு எஞ்சிய வேலை எதுவோ, அதற்கேற்ற வடிவத்தைத் தேர்ந்தார். நோயாளியின் உடல் கற்பித்த சிக்கனம் அது.

நூலகர் எழுதிய குறிப்பு

நெஸ்மக்கை வாசித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஹொரேஸ் கெப்ஹார்ட் (1862–1931). கார்னெல், யேல் பல்கலைக்கழக நூலகங்களில் பணியாற்றியவர். இடையில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பெட்ரார்க் நூல் தொகுப்பு ஒன்றைப் பட்டியலிடும் பணியிலும் இருந்தவர். 1890 முதல் செயிண்ட் லூயிஸ் மெர்க்கன்டைல் நூலகத்தின் தலைவர். குடிப்பழக்கமும் மனச்சோர்வும் அவர் வாழ்வைக் குலைத்தன. வேலை போயிற்று, மனைவியும் ஆறு குழந்தைகளும் பிரிந்தனர். 1904இல் வட கரோலினாவின் ஸ்மோக்கி மலைகளுக்குச் சென்றவர், ஹேசல் ஓடையருகே ஒரு குடிசையில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் தங்கினார். பிறகு பிரைசன் சிட்டி என்ற சிற்றூரை இருப்பிடமாகக் கொண்டார். மலைமக்களைப் பற்றி அவர் எழுதிய ‘நமது தென்மலை மாந்தர்’ என்ற பொருள்படும் நூல் 1913இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1906இல், கூடாரவாழ்வையும் காட்டுக்கலையையும் பற்றிய பெருநூல் வந்துவிட்டது. ‘கேம்ப்பிங் அண்டு உட்கிராஃப்ட்’ என்று பிற்காலத்தில் இரு பாகங்களாக விரிந்த அந்நூல் இன்றும் அச்சில் இருக்கிறது.

அதில் தம் கத்தியைப் பற்றி அவர் எழுதிய பத்தி, ஒரு கருவியை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதற்கு நாமறிந்த மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று. அலகும் பிடியும் ஒவ்வொன்றும் நான்கு அங்குலத்துக்குச் சற்றே மேல். அலகின் அகலம் ஓர் அங்குலம். முதுகுப்புறத் தடிமன் எட்டில் ஓர் அங்குலம். அலகு பிடிக்குள்ளும் தொடர்ந்து சென்று தறையாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. பிடி முட்டைவடிவக் குறுக்குவெட்டுடையது; உள்ளங்கையைக் கொப்பளிக்கச் செய்யும் விளிம்புகள் அதில் இல்லை. இவையெல்லாம் அளவுகள். அளவுகளைக் கடந்து அவர் சொல்லும் ஒரு செய்தியே நமக்கு முக்கியம்: எஃகின் பதம். பச்சை மரக்குச்சிகளை வெட்டும் அளவுக்குக் கடினம். ஆனால் கணுவிலோ எலும்பிலோ பட்டால் வாய் தெறிக்காமல் மடங்கும் அளவுக்கு மென்மை. மடங்கிய வாயைத் தீட்டுக்கல் நிமிர்த்திவிடும். தெறித்த வாயைக் காட்டில் ஒன்றும் செய்ய இயலாது.

கல்கத்திக்காரனின் அளவுகோல் இங்கே மீண்டும் வருவதை வாசகர்கள் கண்டுகொண்டிருப்பர். கெடாத கத்தியைக் கெப்ஹார்ட் கேட்கவில்லை. கெட்டால் தம் கையால் சரிசெய்யக்கூடிய கத்தியைக் கேட்டார்.

அதே பத்தியில், அக்கத்தியை நாட்டுப்புறக் கொல்லர் ஒருவர் செய்தார் என்றும், தாம் கண்ட பொருள்களில் மிகவும் அழகற்றவற்றுள் அதுவும் ஒன்று என்றும், ஆனால் அதனோடு போட்டியிட்ட ஏறத்தாழ இருபது கத்திகள் சேர்ந்து செய்ததைவிட அதிக வேலையை அது ஒன்றே செய்திருக்கிறது என்றும் குறிப்பிடுகிறார். அக்கொல்லரின் பெயரை அவர் அங்கே எழுதவில்லை.

இந்த மௌனம் நம்மை உறுத்துகிறது. நூல்களைப் பட்டியலிடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். ஆசிரியர் பெயரில்லாமல் ஒரு நூலைப் பதிவேட்டில் ஏற்றுவது நூலகருக்கு மனக்குறை. அத்தகையவர், வாழ்நாளில் தமக்கு வாய்த்த மிகச் சிறந்த கருவியை, ஆக்கியோன் பெயரின்றியே பதிவு செய்தார். அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. நூலுக்கு ஆசிரியன் உண்டு, கத்திக்கு இல்லை என்பது அக்கால வழக்கம்; எக்கால வழக்கமும் அதுவே.

பின்னர் நடந்ததுதான் சுவையானது. பென்சில்வேனியாவின் எல்டொராடோ ஊரில் கோடரி முதலிய வெட்டுக்கருவிகள் செய்துவந்த கோல்கிளெசர் சகோதரர்கள், கெப்ஹார்டின் வடிவத்தைக் கொண்டு ஒரு கத்தியைச் செய்து விற்றனர். அதற்குக் ‘கெப்ஹார்ட் கத்தி’ என்று பெயர். அன்று அது வேலைக்காரன் வாங்கும் எளிய பொருள். இன்று அசல்கள் மிக அரிதாகி, சேகரிப்போர் போட்டியிடும் அரும்பொருளாகிவிட்டன. பல நிறுவனங்கள் அவ்வடிவத்தை மீண்டும் செய்து விற்கின்றன. ஸ்மோக்கி மலைகளைத் தேசியப் பூங்காவாக்கப் போராடிய கெப்ஹார்ட், 1931இல் கார் விபத்தில் இறந்தார். பூங்கா 1934இல் அமைந்தது. அம்மலையின் சிகரம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கத்தியும் தாங்கி நிற்கிறது. கொல்லரின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. விலையும் மதிப்பும் பிரிந்த இடம் இது. மதிப்பு கொல்லனின் பதத்தில் இருந்தது. விலை எழுத்தாளனின் பெயரில் ஏறியது.

ஊரின் பெயரால் வந்த கத்தி

தனிமனிதர் பெயரால் அன்றி ஊரின் பெயரால் அறியப்படும் கத்தியொன்றும் இக்கதையில் உண்டு. சுவீடனின் டாலர்னா பகுதியில், சில்யான் ஏரிக்கரையில் உள்ளது மோரா. அதையடுத்த ஓஸ்ட்னோர் சிற்றூர் கைவினைஞர்களின் ஊர். சிதறிய சிறுநிலங்களின் விளைச்சல் வயிற்றுக்குப் போதாத நிலையில், மக்கள் கடிகாரமும் கத்தியும் செய்து பிழைத்தனர். ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் என்பவர் வட அமெரிக்காவில் நான்காண்டுகள் மரம்வெட்டிவிட்டு ஊர் திரும்பி, 1891இல் மரக்கட்டைகளை இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிகள் செய்யும் பட்டறையை அமைத்தார். வண்டி செய்வதற்குக் கத்தி தேவைப்பட்டது. அதையும் அங்கேயே செய்தனர். காலப்போக்கில் வண்டி மறைந்து கத்தி நின்றது. 1912இல் கே. ஜே. எரிக்சன் நிறுவனம் அதே ஊரில் தோன்றியது. இரண்டும் 2005இல் இணைந்தன. 2016 முதல் ‘மோராக்னிவ்’ என்ற பெயரில் இயங்குகின்றன.

மோரா கத்தியின் உறுப்புகள் எளியவை. சிவப்பு வண்ணம் பூசிய, நடுவில் பருத்த பிர்ச் மரப்பிடி. நான்கு அங்குல அளவில் மெல்லிய அலகு. பழைய வகைகளில், கடின எஃகை நடுவில் வைத்து இருபுறமும் மென்மையான உலோகத்தைப் பொதிந்திருப்பர். வாய்க்குக் கடினமும் உடலுக்கு நெகிழ்வும் இதனால் ஒருங்கே கிடைக்கும். கெப்ஹார்டின் கொல்லன் ஒரே எஃகின் பதத்தில் தேடிய சமநிலையை இவர்கள் இரு உலோகங்களால் எட்டினர்.

இவற்றினும் முக்கியமானது வாயின் அமைப்பு. ஸ்காண்டிநேவியச் சாய்வு எனப்படும் இதில், அலகின் பக்கவாட்டில் அகலமான சாய்தளம் ஒன்று நேராக வாய்வரை செல்லும். இறுதியில் இரண்டாவது சிறுசாய்வு இராது. இதன் பயன், கூராக்கும்போது தெரியும். சாய்தளத்தை அப்படியே தீட்டுக்கல்லின்மேல் படியவைத்துத் தேய்த்தால் போதும். கோணத்தைக் கை தேடி அலைய வேண்டியதில்லை. பல்லாண்டுப் பயிற்சியுள்ளவனின் மணிக்கட்டில் இருக்கும் அறிவை, கத்தியின் வடிவத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

கனடாவில் காட்டுக்கலை கற்பித்த மோர்ஸ் கொச்சான்ஸ்கி (1940–2019) இந்த மலிவான மோரா கத்தியையே தம் மாணவர்களுக்குப் பரிந்துரைத்தார். இங்கிலாந்தின் ரே மியர்ஸ் வேறொரு வழியில் சென்றார். 1990களின் தொடக்கத்தில் ஆலன் வுட் என்ற கத்திக் கலைஞர் அவருக்காகச் செய்த ‘உட்லோர்’ கத்தியிலும் இதே சாய்வுதான். ஆனால் அலகு தடித்தது, உலோகம் பிடியின் முழு அகலத்துக்கும் செல்வது. தொலைக்காட்சியில் அவர் புகழடைந்தபின், அக்கைவேலைப்பாட்டுக்கு நூற்றுக்கணக்கான பவுண்டுகள் விலையும் நீண்ட காத்திருப்பும் உண்டாயின. அது நல்ல கத்தி என்பதில் ஐயமில்லை. வடித்தவர் பெயரும் உடன் வழங்குவது மகிழத்தக்கதே. ஆனால் அதை வாங்குபவன் கத்தியை மட்டும் வாங்குகிறானா, ஒருவரின் வாழ்க்கையைக் கனவாகச் சேர்த்து வாங்குகிறானா என்பது கேட்கத்தக்க கேள்வி.

அச்சத்தின் தடிமன்

1982இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ திரைப்படம் போவியின் ஆவியை மீண்டும் எழுப்பியது. நாயகன் ராம்போ கையில், முதுகில் ரம்பப் பற்களும் உள்ளீடற்ற பிடியும் கொண்ட பெருங்கத்தி. பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் நூலும், மூடியில் திசைகாட்டி. ஜிம்மி லைல் என்ற கைதேர்ந்த கலைஞர் செய்த மூலம் உறுதியானது. அதைப் பார்த்துச் சந்தையை நிறைத்த மலிவுப் போலிகளோ, பிடிக்குள் அலகு தொடராமையால் இணைப்பிடத்திலேயே ஒடிந்தன. வேலைக்கென்று வாங்காமல், ஏதாவது நேர்ந்துவிட்டால் என்னும் அச்சத்துக்கென்று கத்தி வாங்கும் காலம் அதோடு வலுப்பெற்றது. அச்சத்துக்கு அளவில்லை, ஆதலால் தடிமனுக்கும் அளவில்லாமல் போயிற்று.

மறுபக்க நியாயத்தையும் சொல்வது முறை. வடபுலக் காடுகளில் மழையும் பனியும் நனைத்த மரத்தின் உள்வைரம் மட்டுமே காய்ந்திருக்கும். கோடரி இல்லாதபோது, கத்தியை மரத்தின்மேல் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளந்துதான் அதை அடைய முடியும். அவ்வேலைக்குச் சற்றுத் தடித்த அலகும், பிடியின் கடைசிவரை செல்லும் உலோகமும் பாதுகாப்பு. கொச்சான்ஸ்கியும் இம்முறையைக் கற்பித்தவரே. உறைகுளிரில் நெருப்பு உயிர்ப்பொருள் என்பதை மறுக்க இயலாது. ஆனால் தடித்த கத்தி, அடிக்கடி செய்யும் வேலைகளான சீவுதலையும் நறுக்குதலையும் கெடுக்கிறது. என்றோ நேரக்கூடிய ஒரு நாளுக்காக எல்லா நாள்களையும் விலையாகக் கொடுப்பதா என்பதே இங்குள்ள கேள்வி. நெஸ்மக் இதற்குச் சொன்ன விடை எளிது: கோடரியை எடுத்துச் செல்.

தேர்வும் மதிப்பும்

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்கான விதிகளைத் தொகுப்பது கடினமன்று. அலகு ஏறத்தாழ உள்ளங்கையின் அகலம், அதாவது நான்கு அங்குலம். முதுகு எட்டில் ஓர் அங்குலமோ அதனினும் குறைவோ. கோடரியின்றிப் பிளக்க வேண்டியிருந்தால் சற்றே கூடுதல். பிடி நான்கு விரல்களும் அமர்ந்து மீதமிருக்க வேண்டும். அரைமணி நேரம் மரம் சீவியபின் கை நோகாமல் இருந்தால் அதுவே நல்ல பிடி, மரமாயினும் நெகிழியாயினும். கரிம எஃகு எளிதில் கூரேறும், எளிதில் துருவும் ஏறும். துடைத்து எண்ணெயிடும் பழக்கமுள்ளவனுக்கு அது உகந்தது. உப்புக்காற்றிலும் ஈரத்திலும் திரிபவனுக்குத் துருப்பிடிக்காத எஃகு. ராக்வெல் அளவில் 58 முதல் 60 வரையிலான கடினம் பொதுத்தேவைக்குப் போதும்; அதனினும் மிக ஏறினால் வாய் நீண்டநாள் நிற்கும், ஆனால் காட்டில் கூராக்குவது கடினமாகும். உறை கத்தியை விடாமல் பற்ற வேண்டும். உறையிலிருந்து நழுவிய கத்தி தொலைந்த கத்தி.

இவ்விதிகள் அனைத்தும் ஒன்றில் அடங்கும். அடுத்த கூரை நாமே ஏற்ற முடியாத கத்தி, எவ்வளவு விலையாயினும், நமக்கு உரியதன்று. கடைக்காரனிடமிருந்து அதை நாம் சிறிது காலம் இரவல் பெற்றிருக்கிறோம், அவ்வளவே. ஒரு தீட்டுக்கல்லையும் அதைப் பயன்படுத்தும் பொறுமையையும் சேர்த்து வாங்காதவன் கத்தியில் பாதியைத்தான் வாங்கியிருக்கிறான்.

மதிப்பிடுவதிலும் இதுவே முறை. பெட்டியில் பளபளப்புக் குன்றாமல் இருக்கும் கத்தியின் விலை ஏறலாம். சந்தை அதைத்தான் போற்றும். தீட்டித் தீட்டி அலகு மெலிந்து, பிடி கைவியர்வையில் கறுத்த கத்தியின் விலை இறங்கும். ஆனால் அந்த மெலிவு ஒரு பதிவேடு. எத்தனை முறை மழுங்கியது, எத்தனை முறை மீண்டது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த கல்கத்தியின் விளிம்பை ஆய்வாளர்கள் வாசித்ததும் அப்படியே. அம்மனிதனின் பெயரை அவர்களால் வாசிக்க முடியவில்லை. அவன் உழைப்பை வாசிக்க முடிந்தது.

கெப்ஹார்டின் கொல்லனுக்கும் அதுவே எஞ்சியது. அவன் பெயர் போயிற்று. ஆனால் எலும்பில் பட்டால் தெறிக்காமல் மடங்க வேண்டும் என்று அவன் எஃகுக்கு ஏற்றிய பதம், நூலகர் ஒருவரின் கண்ணில் பட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. கொல்லனின் பெயரை நம்மால் மீட்க இயலாது. வாய் மழுங்கும்போது கல்லெடுத்துத் தீட்டி அவன் தொழிலுக்கு மரியாதை செய்ய இயலும்.